நாலாவது கணக்கும் ஏழாவது கணக்கும்

என் அண்ணியோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. அண்ணன் கல்யாணமான முதல் வாரத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். நான் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தேன், பிறகு நானும் கட்சி மாறிவிட்டேன். அண்ணி பேசுவது பாதி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். மீதி நேரம் அது சரியாக இருந்து தொலைக்கும், அப்போது எரிச்சல் இன்னும் கூடும்.

லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. லிப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா, அந்த அழைப்பு போய்ச் சேருவது அண்ணியின் காதில். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு தொலைபேசிகள், சுவரில் ஊரின் வரைபடம், சுற்றுவதைவிடச் சத்தம் அதிகம் போடுகிற மின்விசிறி. "கத்தாதீங்க. கத்தினா கதவு தொறந்துடுமா? உள்ள எத்தனை பேர் இருக்கீங்க, அதைச் சொல்லுங்க" என்று அவள் போடுகிற அதட்டலில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிடும். கோபமாக இருக்கிறவர்கள் மயக்கம் போட்டு விழமாட்டார்கள் என்பது அவள் கட்சி.

பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் அவள் ஒரு லிப்ட்டின் மேல்மூடியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. நேரில் போய்ச் சோதித்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுகிற சோதனையாளர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு டிப்ளமோ வேண்டும் என்றது கம்பெனி. கல்யாணத்தோடு விட்டுப்போன டிப்ளமோவில் அவளுக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு பாடம், நுண்கணிதம். சோதனையாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் மாலைநேரக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கி வந்தாள். ஒன்றல்ல, இரண்டு.

"எனக்கு எதுக்கு அண்ணி?" என்றேன்.

"நீயும் ஒரு காலத்துல அதுல கோட்டை விட்டவதானே? துணைக்கு வாடி. தனியா போனா நான் யார்கூடச் சண்டை போடறது?"

வகுப்பில் சண்டைக்கு ஆள் கிடைக்காத குறை முதல் நாளே தீர்ந்தது. ஆசிரியர் மெலிந்த மனிதர். சட்டைப்பையில் எந்நேரமும் சிவப்புப் பேனா. மார்க் போடுவதைவிடக் கழிப்பதில் கைதேர்ந்தவர் என்பதால் எங்களுக்கு முந்தைய மாணவர்கள் அவருக்கு மைனஸ் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்தவுடன் ஆளுக்கொரு கட்டு காகிதம் கொடுத்தார். பாடத்திட்டம் ஒரு பக்கம், விதிமுறைகள் பதினொரு பக்கம். பத்து நிமிடம் தாமதமானால் கதவு மூடப்படும். கால்குலேட்டர் கூடாது. வீட்டுப்பாடம் ஒருநாள் தள்ளினாலும் பூஜ்யம். தவறவிட்ட தேர்வுக்கு மறுதேர்வு கிடையாது. படித்துப் பார்த்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். அண்ணி மட்டும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"சார், நோய், மரணம் ஆகிய காரணங்களுக்காக வராவிட்டாலும் வரவில்லை என்றே கொள்ளப்படும்னு போட்டிருக்கு. யாரோட மரணம்?"

"யாரோடதா இருந்தாலும்."

"என்னோடதா இருந்தாலுமா?"

வகுப்பு சிரித்தது. மைனஸ் சார் சிரிக்கவில்லை. "நீங்க எல்லாருக்கும் முன்னாடி வந்து முன் வரிசையில உட்காருங்க" என்றார். அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் முன் வரிசைதான்.

அவருக்கு நாங்கள் பிடிக்காமல் போனதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அண்ணி அப்படி நினைக்கவில்லை. "அவருக்கு யாரையுமே பிடிக்காது, நமக்கு மட்டும் என்ன தனி மரியாதை?" என்பாள். வேலை முடித்து ஓட்டமும் நடையுமாகக் கதவு மூடுமுன் வந்து சேருவோம். வீட்டில் அண்ணன் சமையலைப் பார்த்துக்கொண்டான். அவன் சமையலைச் சாப்பிடுவதும் ஒருவகையில் தேர்வுதான், அதற்கும் மறுதேர்வு கிடையாது.

இறுதித் தேர்வு முடிந்து விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று எனக்கு அறுபத்து மூன்று, அண்ணிக்கு ஐம்பத்தொன்று. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. நான் சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அண்ணி ஏழாவது கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் முழுக்க எழுதியிருந்தாள், கீழே பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: "எங்கிருந்து?"

கணக்கு சாதாரணமானது. நாற்பது மீட்டர் கம்பிவேலி இருக்கிறது, ஒரு பக்கம் சுவர், மற்ற மூன்று பக்கமும் வேலி போட வேண்டும், மிக அதிகமான பரப்பு எவ்வளவு? வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நாங்கள் எல்லோரும் வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமன்படுத்திக் கண்டுபிடித்தோம். அண்ணிக்குத் தேர்வறையில் பதற்றத்தில் அந்த முறை சுத்தமாக மறந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் படித்த பழைய இயற்கணிதத்தை வைத்துக்கொண்டு, பரப்பை இருநூறிலிருந்து ஒரு வர்க்கத்தின் இரண்டு மடங்கைக் கழித்தது என்று மாற்றி எழுதியிருக்கிறாள். வர்க்கம் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே எதைக் கழித்தாலும் இருநூறு குறையத்தான் செய்யும். எதையும் கழிக்காதபோதுதான் அதிகம், இருநூறு. விடை சரி. வழியும் சரி.

நேரே அவர் மேசைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"சார், எங்கிருந்துன்னு கேட்டிருக்கீங்க. என் தலையிலிருந்து."

"வகுப்புல நான் சொல்லிக்குடுக்காத முறை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லிக்குடுத்தது மறந்துபோச்சு, அதான்."

"இந்த வகுப்புல வேற யாருமே இப்படிப் போடல."

"அப்ப நான் யாரைப் பார்த்துக் காப்பி அடிச்சேன் சார்?"

அவர் சிவப்புப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஆனால் விடுகிற ஆளும் இல்லை. துண்டுச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது, செல்போன் என்று ஒன்று இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே, பேசாம விட்டுடுங்க. மறுமதிப்பீடு கேட்டா முழுத் தாளையும் திரும்பத் திருத்துவாங்க. மார்க் குறையவும் செய்யலாம். விதியில இருக்கு" என்றார்.

"படிச்சிருக்கேன் சார். ஒன்பதாவது பக்கம். உங்க வகுப்புல அதைப் படிச்ச ஒரே ஆள் நான்தான்."

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேசை நீதிமன்றமாகியது. அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. காலியான இடத்துக்கு அந்த மாதக் கடைசிக்குள் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். விட்டால் அடுத்த இடம் எந்தக் காலத்தில் வருமோ. "பாஸ் பாஸ்தானே? அந்த வார்த்தையை உன் மூஞ்சியிலயா எழுதி ஒட்டியிருக்காங்க?" என்றான்.

"பேப்பர்ல எழுதியிருக்கு. என்னைத் திருடின்னு எழுதிட்டு, சரி போய்ட்டு வான்னு பாஸ் போட்டிருக்காரு. நான் வாங்கிட்டு வாயை மூடிட்டு வரணுமா?"

"யார் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே."

மறுமதிப்பீடு கேட்பதற்கு முன் தாளை முதலிலிருந்து தானே ஒருமுறை சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். நாலாவது கணக்கில் பென்சில் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பத்துக்குப் பத்து வாங்கிய கணக்கு. கொசைனை வகையிட்டால் முன்னால் ஒரு மைனஸ் வர வேண்டும், அவள் விட்டிருந்தாள். அடுத்த வரியில் அதைச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறி மாற வேண்டும், அதையும் மாற்றாமல் விட்டிருந்தாள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை மட்டும் சரியாக வந்து உட்கார்ந்திருந்தது. மைனஸ் சார் விடையை மட்டும் பார்த்து முழு மார்க் போட்டிருக்கிறார். மைனஸையே கோட்டை விட்ட மைனஸ் சார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் மார்க்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

"அண்ணி, இது வெளியில வந்தா பத்து மார்க் போயிடும். ஏழாவதுக்கு முழுசா எட்டு வந்தாலும் நீங்க பெயில்."

"தெரியுது."

"கேக்காதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழு. அப்படியே அந்தப் பேனாவும் கீழ கிடக்கு, எடுத்துக் குடு" என்று சொல்லி விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்தாள்.

துறைத் தலைவியின் அறையில் மறுமதிப்பீடு நடந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படிக்கிற அம்மாள். ஒரு பக்கம் மைனஸ் சார், எதிரே அண்ணி, கதவோரம் துணைக்கு வந்த நான். ஏழாவது கணக்கைத் தலைவி முதலில் எடுத்தார். அண்ணியிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, எண்களை மாற்றி, இதே வழியில் போட்டுக் காட்டச் சொன்னார். அண்ணி இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள், ஆனால் போட்டாள். தலைவி ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

"வகையிடல் மூலமாகத்தான் போடணும்னு கேள்வியில சொல்லலையே?"

"இல்ல மேடம். அது வகுப்புல எல்லாருக்கும் தெரியும்..."

"விதிமுறையில இருக்கா?"

"இல்ல மேடம்" என்று பதில் சொன்னது அண்ணி.

எட்டுக்கு எட்டு. மொத்தம் ஐம்பத்தொன்பது. தலைவி மற்ற பக்கங்களையும் புரட்டிக்கொண்டே வந்தார். நாலாவது கணக்கின் மேல் அவர் பேனா போனது, விடையில் ஒரு டிக் போட்டது, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. முடிந்தது, வேலை கிடைத்தது, வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். தலைவி கையெழுத்துப் போடப் பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

"மேடம், நாலாவது கணக்கு தப்பு."

அறையில் இருந்த மூன்று பேரும் அண்ணியைப் பார்த்தோம். அவள் எழுந்து போய்த் தாளைத் திருப்பி, இரண்டு இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"விடை சரியா இருக்கேம்மா" என்றார் தலைவி. தப்பைப் பார்த்துவிட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. அந்த அம்மாள் வழி விட்டார், சத்தியமாக வழி விட்டார்.

"ரெண்டு தப்பு சேர்ந்து சரியா நிக்கிற லிப்ட்ல நீங்க ஏறுவீங்களா மேடம்? நான் அதுக்குக் கையெழுத்துப் போடப் போற ஆளு." அப்புறம் மைனஸ் சாரைப் பார்த்து, "என்னுதுல ஒண்ணைக்கூட விடமாட்டேன் சார். என்னுது இல்லாதது எனக்கு வேண்டாம். எங்கிருந்துன்னு இனிமே யாரும் கேக்கக் கூடாது" என்றாள்.

பத்து மார்க்கும் போயிற்று. நாற்பத்தொன்பது.

முதலில் பேசியது மைனஸ் சார்தான். "மேடம், ஒரு மார்க் கருணை மதிப்பெண்ணா நான் பரிந்துரைக்கலாம். விதியில இடம் இருக்கு. இவங்க கருணை கூர்ந்துன்னு ஆரம்பிச்சு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்." அந்த மனிதரை அதுவரை மனதார வெறுத்தேன். அந்த நிமிடம் வெறுக்க முடியவில்லை. அவர் குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது.

"எழுதுங்க அண்ணி" என்றேன், சத்தமாகவே.

அண்ணி விடைத்தாளை அவர் பக்கம் தள்ளினாள். "முதல்ல அதை அடிங்க சார்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து "எங்கிருந்து?" என்பதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அண்ணி அதை எடுத்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அடுத்த பருவத்துக்கு எங்க போய்ப் பேர் பதியணும்?" என்றாள்.

"ஏம்மா, ஒரு மார்க்குக்காக ஆறு மாசமா?" என்றார் தலைவி.

"சரி, உங்க இஷ்டம்" என்றார் மைனஸ் சார். "ஆனா வேற ஆசிரியர்கிட்ட சேர்ந்துக்கங்க. அடுத்த பிரிவுக்கு எடுக்கிறவங்க என்னை மாதிரி இல்ல, தாராளமா போடுவாங்க."

"வேண்டாம் சார். உங்க வகுப்புதான். அந்த ஒரு மார்க்கை நீங்க குடுக்க வேண்டாம். நானே வந்து எடுத்துக்கறேன்."

காலியான இடம் அந்த மாதக் கடைசியில் வேறொருவருக்குப் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். அண்ணி மேல் மட்டும் வராது.