வரி உட்பட, வரி தனி

மாமனார் அடிக்கும் மரப்பெட்டிகள் தான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வரத் தொடங்கியபோதே அவள் மேனேஜரின் அறைக்குப் போய் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தாள்.

"சார், அவரோட ஆர்டர் எதுவும் என் கைக்கு வர வேணாம். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது."

மேனேஜர் சிரித்துவிட்டுச் சரி என்றார். தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனி அது. வெளியூருக்குப் போகும் ஒவ்வொரு பம்பும் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்துதான் லாரி ஏறும். கொள்முதல் பிரிவில் இரண்டே பேர்: அவளும், எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாததால் 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வாங்கிய ஒருவனும். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் மாடிப்படியை இரண்டிரண்டாகத்தான் தாண்டுவான். பெட்டி ஆர்டர்களெல்லாம் அவன் பொறுப்பு என்று ஆயிற்று.

வீட்டில் அவளும் மாமனாரும் மாமியாரும்தான். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். வந்தால் இரண்டு நாள் தூங்குவான், பிறகு கிளம்பிவிடுவான். வீட்டை ஒட்டித் தகரக்கூரை போட்ட பட்டறை. விடிந்ததிலிருந்து அங்கே ரம்பச் சத்தம். மாமனாருக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் கிடையாது, பேச்சும் கிடையாது. மரத்தைத் தொடாத வேலை எதுவும் அவர் கணக்கில் வேலை இல்லை. அவளுடைய உத்தியோகத்தைப் பற்றி யாராவது கேட்டால், "உக்காந்த இடத்துல என்னமோ தட்டுது" என்பார்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. யாரிடமும் விலை கூட்டிக் கேட்கமாட்டார். "வேலையப் பாத்து அவனா குடுக்கணும். நாம வாய் விட்டுக் கேட்டா அது கெஞ்சுறது" என்று மாமியாரிடம் சொல்வார். மர விலை ஏறியது, ஆணி விலை ஏறியது, அவர் பெட்டியின் விலை மட்டும் அசையவில்லை. அந்த விலைக்குள்ளேயே வரியும் அடங்கியிருந்தது. பெட்டிக்கு நூறு ரூபாய் என்று எழுதினால், அந்த நூறிலிருந்துதான் அரசாங்கத்துக்குப் போக வேண்டியதும் போகும். மிச்சம்தான் அவருக்கு.

அந்த வருஷம் கம்பெனியில் கணக்கு மென்பொருளை மாற்றினார்கள். புதியதில் ஒவ்வொரு கொள்முதல் ஆணையின் தலைப்பிலும் ஒரு கேள்வி இருந்தது: போட்டிருக்கும் விலை வரி உட்படவா, வரி தனியா, வரியே இல்லையா? யாரும் தொடாமல் விட்டால் அது தானாகவே 'வரி தனி' என்று எடுத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் மாமனார் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், சாப்பாட்டு மேஜையில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"கம்பெனிக்காரன் விலைய ஏத்திட்டான். புது ஆர்டர்ல மொத்தம் கூடப் போட்டிருக்கான், அந்தக் கணக்குக்கே பில்லும் எழுதிட்டேன்."

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் மாமியார்.

"நான் ஏன் கேக்கறேன்? பெட்டியப் பாத்திருக்கான், குடுத்திருக்கான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தனுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேனேஜர்தான் பார்த்து ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கப் போனால் தான் சிபாரிசு செய்தது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

மனிதர் ஆளே மாறிப்போனார். கணு விழுந்த பலகைகளை ஒதுக்கிவிட்டு நல்ல மரமாகப் பார்த்து இறக்கினார். பெட்டியின் உள்பக்கத்தையும் இழைத்தார். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாமியார் கேட்டதற்கு, "பம்பு பாக்கும்ல" என்றார். வீட்டில் அவர் ஜோக் அடித்து யாரும் கேட்டதில்லை. ஒரு காலையில், ஆபீசுக்குக் கிளம்பியவளைப் பார்த்து, "மழை வரும் போலருக்கு, குடை எடுத்துக்க" என்றார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் ஒரு காலில் அப்படியே நின்றுவிட்டாள்.

மாதக் கடைசியில், கம்பெனி கொடுத்த வரியையெல்லாம் தொகுத்துப் பார்ப்பது அவள் வேலை. ஆர்டர் வாரியாக, பில் வாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் மரப்பெட்டிக் கணக்கு வந்ததும் நின்றாள். விலை என்ற இடத்தில் அதே பழைய தொகை. அதன் மேல் வரி தனியாக ஏறியிருந்தது. யாரும் விலையை ஏற்றவில்லை. வரியை விலைக்கு உள்ளே வைப்பதற்குப் பதில் வெளியே வைத்திருக்கிறார்கள், அதனால் பழைய விலை முழுதாக அவர் கைக்கே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

"இந்தப் பெட்டிக்காரர் விலை வரி உட்படத்தானே?" என்று எக்ஸ்பிரஸிடம் கேட்டாள்.

அவன் நாற்காலியோடு உருண்டு வந்து எட்டிப் பார்த்தான். "அட, மாத்தாம விட்டுட்டேன் போலருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தணித்தான். "ஆர்டரும் பில்லும் ஒத்துப் போகுதேக்கா. யாரு கேக்கப் போறா? உங்க வீட்டுக்குத்தானே போகுது."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தகரக்கூரைக்குக் கீழே பலகையின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் கண்ணுக்குள் வந்தார். சும்மா இருப்பது சுலபம். ஆனால் இனி அவர் முகம் மலரும்போதெல்லாம் அது எதனால் என்று வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேனேஜரின் அறைக்குப் போனாள்.

மேனேஜர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடுத்த ஆர்டர்ல இருந்து மாத்திடலாம். அதிகமாப் போனதை வர்ற பில்லுல கழிச்சுக்கலாம். அவருக்கு இன்னிக்கே மெயில் போயிடட்டும்" என்றார்.

"மெயில் நாளைக்குப் போகட்டும் சார். இன்னிக்கு நான் நேர்ல சொல்லிடறேன்."

அவள் பட்டறைக்குள் போவதே அபூர்வம். மாமனார் ஒரு பலகையை மேஜையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். என்ன என்பது போலப் பார்த்தார். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும், உள்ளே வெளியே என்று சொல்லி விளக்கினாள். இந்த முறை புரிந்தது.

"அப்ப அவங்க ஏத்தல."

"இல்ல மாமா."

"யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

இழைப்புளியை எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லாம விட்டிருந்தா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் பலகையை இழைக்கத் தொடங்கினார். அவள் தலையில் ஒட்டிய மரத்தூளோடு வீட்டுக்குள் வந்தாள்.

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல நீ" என்றாள் மாமியார். திட்டவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னாள்.

"இருந்திருக்கலாம் அத்தை. அப்புறம் அவர் மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

அடுத்த சில நாட்கள் மாமனார் சாப்பிட வருவார், தட்டைப் பார்ப்பார், போவார். கணவனிடம் போனில் சொன்னபோது, "விடு, அவருக்கே இறங்கும்" என்றான். அவனுக்கென்ன, ரோட்டில் இருக்கிறான்.

பிறகு ஒரு நாள் எக்ஸ்பிரஸ் அவள் மேஜையை லேசாகத் தட்டிக் கண்ணைக் காட்டினான். மாடிப்படி ஏறி மாமனார் வந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் பலகை வெட்டிய இரண்டு துண்டுகள், ஒன்றில் கணு, ஒன்றில் இல்லை. அவளைப் பார்க்காமல் நேராக மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனார். என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. முதலில் சட்டைப் பித்தானையே திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டுகளை மேஜையில் வைத்தார். பிறகு கைகள் பேச ஆரம்பித்தன. காற்றிலேயே ஒரு பெட்டியை அடித்துக் காட்டினார். மேனேஜர் தலையை ஆட்டுவதும் மறுப்பதுமாக இருந்தார். அவளால் திரையில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

வெளியே வந்தவர் வந்த மாதிரியே இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மாமியாரைப் பார்த்துச் சொன்னார். "கேட்டதுல பாதிதான் ஒத்துக்கிட்டான். சின்னப் பெட்டிக்குப் பழைய விலைதான், கணு மரம்தான். பெருசுக்கு மட்டும் நல்ல மரம், கூட விலை."

"கேட்டீங்களா?" மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்களா?"

"கேட்டேன். கேக்கறப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு. கேட்டு முடிச்சதும் ஒண்ணும் ஆகல."

மாமியார் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"இனிமே வரியத் தனியாவே போடச் சொல்லிட்டேன். எல்லாம் கலந்து கிடந்தா, எது என்னோட விலைன்னு எனக்கே தெரியல."

"சரி மாமா."

"மொதல் பில்லு எழுதறப்ப பக்கத்துல இரு. தப்பா எழுதிடப் போறேன்."

அவள் தலையசைத்தாள். அவர் தட்டை நகர்த்தி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.