கத்தரியால் பிரித்த பக்கங்கள்

"சார், கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

ராஜகீழ்ப்பாக்கத்தில் தையல் கடை வைத்திருந்த காதர் பாய், எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை என்னிடம் கேட்டது இது. சென்ற வாரம் அவர் மகள் தொலைபேசியில், "அத்தா தவறிட்டாங்க சார்" என்றபோது அந்தக் கேள்விதான் காதில் நின்றது.

எங்கள் வாசகர் வட்டம் அவர் கடையில்தான் கூடும். வட்டத்துக்கு ஒரே பிரதி வாங்குவோம்; அது கைமாறிப் போகும். அந்த முறை வந்தது ஒரு சோதனை நாவல். ஒரு மனிதனின் ஒரே நாளை மூன்று விதமாகச் சொல்லும், ஒன்றுக்கொன்று ஒட்டாது. முதலில் படிக்க எடுத்தவன் நான். பாதியில் அலுத்துப்போய்ப் பாயிடம் தள்ளிவிட்டேன்.

அதற்குள் ஒரு பேராசிரியர், அந்த நாவலில் கட்டுக்கோப்பே இல்லை என்று சிற்றிதழில் எழுதிவிட்டார். வட்டத்தின் சார்பில் இதழுக்குக் கடிதம் எழுதுவதாக ஏற்பாடு. பேராசிரியர் சொன்னதையே என் கருத்தாக நான் பேசினேன். பாயோ நாலு பக்கத்துக்கு மறுப்பு எழுதி வைத்திருந்தார்.

"ஒரே ஆளுக்கு மூணு தபா அளவெடுத்தா மூணு அளவு வரும் சார். அதுக்காக ஆளே சரியில்லன்னு சொல்லுவமா?"

"புரொபசருக்கே புரியலையாம், பாய்க்குப் புரிஞ்சிடுச்சாம்" என்றார் தபால் நிலையத்துச் சுந்தரம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்போதுதான் பாய் அப்படிக் கேட்டார். "படிச்சேன் பாய்" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி சார்" என்று தாள்களை மடித்து அளவு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். என் கடிதம்தான் போனது. அதில் அவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

தொண்ணூறுகளில் கடையை வேறு இடத்துக்கு மாற்றியபோது, அந்தப் பிரதியை எனக்கே கொடுத்தார். வீட்டில் புரட்டினேன். கடைசிப் பதினாறு பக்கங்களின் ஓரம் மட்டும் கத்தரி பட்டு நெளிந்திருந்தது. அச்சகத்தில் வெட்டுப்படாமல் ஒட்டியே வந்த பக்கங்கள். எனக்கு அடுத்து அவரிடம்தான் புத்தகம் போனது, பிரித்தவர் அவர். என்னைக் கேட்டபோதே அவருக்குப் பதில் தெரியும்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை வகுப்பு முழுக்கப் பார்க்க நிற்கவைத்த வாத்தியார் நான். அவர் என்னை நிற்கவைக்கவில்லை. அதன் பிறகும் எனக்குச் சட்டை தைத்தார். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கத்தான் போவேன்; காலர் இறுக்குகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

அன்று பாய் கடை பெஞ்சில் இருந்த வட்டத்து நண்பர்களே, அந்தப் பக்கங்களைப் பிறகு படித்தேன். பாய் எழுதியதைத்தான் நாம் அனுப்பியிருக்க வேண்டும். பிரதி என்னிடம் இருக்கிறது. அவருடைய நாலு பக்கம் இல்லை.

ஒரு புத்தகத்தைப் பற்றி யாராவது கேட்டால், "இன்னும் முடிக்கவில்லை" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.