மாரித்தாய் நிலத்துச் சரளை

விமான நிலையம் வரப்போகிறது என்றபோது எங்கள் ஊரில் சரவெடி வெடித்தார்கள். திட்டத்தைக் கைவிட்டாச்சு, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றபோதும் வெடித்தார்கள். பட்டாசு செய்கிற ஊரில் வெடிக்கா பஞ்சம்? இரண்டாவது தடவை வெடித்தவர்களில் மாரித்தாயும் ஒருத்தி. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நிலத்தை அவளிடம் ஒப்படைத்த மறுநாள் காலையில் என் விதைக்கடைக்கு வந்தாள்.

"உதுமான் பாய், உளுந்து விதை குடுங்க. புரட்டாசி மழைக்கு விதைச்சிருவேன்."

"கம்பெனிக்குப் போகலையா?"

"நின்னுட்டேன் பாய். பானுவையும் வேலைக்கு அனுப்புன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தாக. இனி நானும் வரல, அவளும் வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

ஆமத்தூர்ப் பக்கம் அவளுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம். புருஷன் போன பிறகு அதை வைத்துத்தான் பிழைத்தாள். விமான நிலையத்துக்கென்று அதை எடுத்துக்கொண்டதும் வேறு வழியில்லாமல் விஸ்வநத்தம் போகும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள். வெடிக்கு மருந்து செலுத்துகிற வேலை. பக்கத்து அறை வெடித்ததில் தோழி தங்கத்தாய் கருகியதைக் கண்ணால் பார்த்தவள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகள் பானுப்பிரியாவை அந்த வேனில் ஏற்றவே கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிவாதம். நிலம் கைக்கு வந்ததும் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். கூட வேலை பார்த்த பெண்களுக்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தாள். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம். ஃபோர்மேன் முறைத்தானாம்.

செந்தூர்பாண்டியின் டிராக்டரைக் கூட்டிக்கொண்டு உழப் போனாள். வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தவரை உள்ளே பச்சையாகத்தான் தெரிந்தது. எல்லாம் சீமைக்கருவேலம். அதை வெட்டிப் போட்டுவிட்டு முதல் சால் ஓட்டியதுமே கலப்பைக் கொழு வளைந்தது. ஓடுபாதைக்காகக் கரிசல்மேல் இடுப்பளவு சரளையைக் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கி வைத்திருந்தார்கள். மேலே புழுதி படிந்து கிடந்ததில் அதுவரை தெரியவில்லை. செந்தூர்பாண்டி இறங்கிக் காலால் தட்டிப் பார்த்தான்.

"யக்கா, இதுல விமானம் வேணா எறக்கலாம். உளுந்து மொளைக்காது."

மாரித்தாய் அப்போதும் விடவில்லை. கரிசலில் வீடு கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரத்தில் போடச் சரளை வேண்டும். அப்படி ஒருவரைப் பிடித்து, சும்மாவே அள்ளிக்கொண்டு போங்கள் என்றாள். அவர் ஜேசிபியோடு வந்து முதல் லோடு ஏற்றுவதற்குள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்துவிட்டார்.

"சரளைய எடுக்கக் கூடாதும்மா."

"என் நிலம்தான சார்?"

"நிலம் உன்னது. சரளை சர்க்காரோடது. அனுமதி வாங்கிட்டு எடு."

நானும் கடையைப் பூட்டிவிட்டு அனுமதிக்காக அவளோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். கொட்டிய காண்டிராக்டர்தான் அள்ள வேண்டும் என்றார்கள். அவர் எப்போதோ மூட்டை கட்டிவிட்டார். விமான நிலையத்துக்கென்று திறந்த அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். திட்டமே இல்லை என்று அந்த அலுவலகத்தையும் மூடியிருந்தார்கள். இதைச் சொன்ன ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போல் இருந்தது.

அந்த வாரம் புரட்டாசி மழை நன்றாகவே பெய்தது. ஊரெல்லாம் விதைத்தார்கள். மாரித்தாய் நிலத்தில் விழுந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமல் ரோட்டுக்கு ஓடியது.

வேறு போக்கில்லாமல் கம்பெனிக்குப் போய் நின்றாள். சீசனில் விட்டுவிட்டுப் போனவளைச் சேர்க்க முடியாது என்றான் ஃபோர்மேன். மகள் வந்தால் உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றானாம்.

திங்கட்கிழமை காலையில் நான் கடை திறக்கும்போது மாரித்தாய் வாசலில் நின்றாள். கையில் அந்த விதைப் பை, பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"பாய், இதத் திருப்பி எடுத்துக்கிடுவீகளா?"

"பானு எங்கம்மா?"

"இப்பத்தான் வேன்ல ஏத்திவிட்டு வாரேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"விதை இருக்கட்டும் தாயி. அடுத்த பட்டத்துல விதைக்கலாம்."

பையைத் திண்டில் வைத்தாள்.

"அடுத்த பட்டத்துக்கு அவ இருக்கணும்ல பாய்."