கலைக்கு வராத பதில்

போன மாதம் ஆறு நாள், காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, என் மனைவி என்னை 'சார்' என்று கூப்பிட்டாள்.

கேட்டு வாங்கிய மரியாதை இல்லை. நேர்காணலுக்கு ஒத்திகை!

கலை, கணக்கு டீச்சர். வயது நாற்பத்து நான்கு. சென்னையில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் நான்கே நான்கு. போன வருடமும் நேர்காணல் வரை போய்த் திரும்பினாள். ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

"இந்தத் தடவையும் இல்லைன்னா விட்டுடறேங்க. ஸ்கூல்ல லீவு கேட்கவே வெட்கமா இருக்குது."

எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. நோட்டுப் போட்டு நாற்பத்தெட்டுக் கேள்விகள் எழுதினேன். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் கலை. நாற்பத்தெட்டுக்கும் தடங்கலில்லாமல் பதில் வந்தது. எனக்கே சந்தேகம்... ஒருவருக்கு எல்லாமேவா தெரியும்?

மூன்றாம் நாள், நோட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"பின்னக் கணக்கு பற்றிய பரமசிவம் அறிக்கையைப் படித்திருக்கிறீர்களா?"

"படிச்சிருக்கேன் சார்." இரண்டு நிமிடம் விளக்கினாள். அருமையாக.

"கலை, அப்படி ஒரு அறிக்கையே கிடையாது. இப்பதான் நான் உண்டாக்கினேன்."

"அப்போ பொய்யா கேட்டீங்களா?"

"நீ பொய்யா பதில் சொன்னியே?"

அன்று எனக்கு டிபன் ஒன்பதரைக்குத்தான் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் தம்பியின் பட்டுக்கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"அது எங்க கடைப் பழக்கம் மாமா. மாம்பழ மஞ்சள்ல மயில்கழுத்து பார்டர் கேட்பாங்க. நம்மகிட்ட இருக்காது. 'இருக்குதும்மா, உட்காருங்க'ன்னு சொல்லிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போடணும். இல்லைன்னு சொன்னா எழுந்து போயிடுவாங்க. அக்கா பத்து வயசுலேருந்து கடையில உட்கார்ந்துக்கினு இதைத்தானே பார்த்தாங்க!"

கலை சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகச் சொன்னாள்: "போன வருஷம் இன்டர்வியூல மூணு புத்தகம் பேரைச் சொல்லி, படிச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. மூணுமே படிச்சிருக்கேன்னுட்டேன்."

"எத்தனை படிச்சிருந்தே?"

"ஒண்ணு."

மீதி மூன்று நாளும் ஒரே பதிலுக்குத்தான் பயிற்சி. 'தெரியாது.' அவளுக்கு அது வரவே இல்லை! "பார்த்துச் சொல்றேன் சார்" என்பாள். "வாய் வரைக்கும் வந்திடுச்சு சார்" என்பாள். கடைசி நாள்தான் வந்தது — தலையைக் குனிந்துகொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. நிமிர்ந்து சொல்லச் சொன்னேன்.

நேர்காணலன்று வாசல் பெஞ்சில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வெளியே வந்தவளின் முகம் வெளிறிக் கிடந்தது.

"மூணு தடவை தெரியாதுன்னு சொல்லிட்டேங்க."

"மூணா? அவங்க என்ன சொன்னாங்க?"

"மூணாவதுக்கு ஒரு அம்மா, 'எங்களுக்கும் சரியாத் தெரியலைம்மா, நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு பார்க்கத்தான் கேட்டோம்'னாங்க. அப்புறம் அரை மணி நேரம் அதையேதான் பேசினோம். நேரம் போனதே தெரியலை."

இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. நான்கு பெயர்களில் கலையின் பெயர் மூன்றாவது. நான்கு முறை படித்துப் பார்த்தேன். அவள் ஒரு முறைதான் படித்தாள். உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

நேற்றுக் காலை, "என் மூக்குக் கண்ணாடி எங்கே?" என்று கேட்டேன். "தெரியாதுங்க" என்றாள், நிமிர்ந்து!