ஒளியை முந்தும் துகள்

பிராங்பேர்ட்டில் நான் இயற்பியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, பல்கலைக்கழக உணவகத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தட்டுக் கழுவினார். மெலிந்த மனிதர். வெந்நீரில் ஊறி விரல்கள் வெளுத்திருக்கும். ஊரிலிருந்து கடிதம் வந்தால் உடனே பிரிக்கமாட்டார். முதலில் தபால் முத்திரையில் தேதியைப் பார்ப்பார்.

ஒருநாள், என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். என் நண்பர்கள் இருவர் பக்கத்தில் இருந்தார்கள்.

“லைட்டை விட வேகமா போற துகள் பத்தி. அப்படி ஒண்ணு இருக்கான்னே தெரியாது.”

“அதிலை ஒரு சேதி அனுப்பினால்?”

“அனுப்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடும்.”

“எத்தினை நாள் முன்னம், தம்பி?”

“எதுக்கு, லாட்டரிச் சீட்டு வாங்கவா?” என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுத் தட்டுகளை எடுத்துப் போனார்.

மறுநாள் அவருடன் வேலை செய்பவர் விஷயத்தைச் சொன்னார். மகனைக் கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பட்டுமா என்று மனைவி கேட்டு எழுதியிருந்தாராம். ‘அனுப்பாதை’ என்று இவர் எழுதிய பதில் போய்ச் சேர்ந்தபோது, மகன் ஏறிப் போன பஸ் குண்டில் சிதறி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

“தம்பி, எனக்கு ஜெர்மன் வாசிக்க ஏலாது. அந்தத் துகளைப் பற்றித் தமிழிலை எழுதித் தருவீங்களோ?”

“தர்றேன் அண்ணே.”

நான் எழுதவில்லை. படிப்பு முடியும்வரை மதியச் சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொண்டேன்.