அரசமரத்துக்கு மஃப்ளர்

மீனாட்சிபுரத்து வெயிலில் முற்றியவன் நான். எருமைகூட நிழல் தேடி முரண்டு பிடிக்கும் ஊர். அங்கிருந்து இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குத் தற்காலிகக் கிளார்க்காகப் போனவன், எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழியில், குளிர் என்றால் என்னவென்று ஒரு மரத்தை முன்னிட்டுப் படித்தேன்.

மரம் என்றால் ஒரு முழ உயரம். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே ஆழமான ஒரு மண்தட்டில் அரசமரம். போன்சாயாம். வேரையும் கிளையையும் வருடக்கணக்காக நறுக்கி, ஆசை ஆசையாகக் குள்ளமாக்கி வைத்திருந்தார் மேனேஜர். அவருடைய பங்களாக் கூரையைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்த நேரம். நீண்ட விடுப்பில் ஊருக்குக் கிளம்பியவர் தட்டை என் கையில் தந்தார்.

"ஞான் திரும்பி வரும்போ இது உயிரோட இருந்தா, வேலை ஸ்திரம். இல்லெங்கில், எடோ..."

மிச்சத்தைச் சொல்லாமலே ஜீப்பில் ஏறிவிட்டார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் மனைவி மறித்தாள். "ஏனுங்க, அரசமரத்தையா ஊட்டுக்குள்ள கொண்டாறீங்க? செவுத்தைப் பொளந்துருமுங்க."

"இத்தனூண்டுதான புள்ள இருக்குது."

"செவுத்துல மொளைக்கறப்ப எல்லாமே இத்தனூண்டுதானுங்க."

தட்டு வெளியே, வாசல் சிமெண்டுத் திண்டில் குடியேறியது.

பனி விழுந்தது. ஊரில் நாங்கள் பனி என்று சொல்வது வெறும் ஈரம். இங்கே புல்மேல் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை, மிதித்தால் நொறுங்கும். குளிரைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரே ஞானம்தான்: அது காது வழியாக நுழையும். காதை அடைத்துவிட்டால் வந்த வழியே போய்விடும். ஆகவே மரத்தின் தலையைச் சுற்றி என் சிவப்பு மஃப்ளரை இறுக்கினேன். அதற்குமேல் ஒரு சாக்கு. தட்டு மட்டும் வெறும் சிமெண்டில். காலுக்கு என்ன, தாங்கும்.

கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கூடையோடு நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, மரத்துக்குச் சளியா?"

"கம்பவுண்டர்ட்ட காட்டுங்க. ஊசிக்கு இடந்தான் தேடணும்."

இலைகள் உதிர்ந்தன. அரசமரம் அந்தக் காலத்தில் உதிர்க்கும்தான். ஆனால் வேலை போகப்போகிறவனுக்கு இயற்கைமேல் நம்பிக்கை வராது. முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

ஒரு காலையில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு அதன் எதிரே நின்றேன். காது வேர்த்தது. கால்விரல்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. குனிந்து தட்டைத் தொட்டேன். மண் கல்லாக இருந்தது. எனக்குச் செய்துகொண்ட வைத்தியத்தையே அதற்கும் செய்திருக்கிறேன்.

மஃப்ளரை அவிழ்த்தேன். குவார்ட்டர்ஸை ஒட்டிய முட்டைக்கோஸ் பாத்தியில் குழி வெட்டித் தட்டை விளிம்புவரை இறக்கினேன். மேலே காய்ந்த பெரணித் தழையை மெத்தையாகப் போட்டேன். காற்று வரும் பக்கம் விறகு அடுக்கினேன். உறைந்த கிளைமேல் காலை வெயில் சட்டென்று விழாதபடி சாக்குத் திரையும் கட்டினேன். வீட்டுக்குள் விட மறுத்தவள், அரிசி கழுவிய தண்ணீரும் சாணிக் கரைசலும் ஊற்றத் தொடங்கினாள். "வெளிய இருந்தா அது சாமிங்க."

மாசியில் ஒரு செந்துளிர். பிறகு இலை, இலைக்குமேல் இலை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொரு இலையிலும் என் நிரந்தர உத்தரவு அசைவதைப் பார்த்துக் குளிர்ந்துபோனேன். இலை சிறுக்கவேண்டும் என்பதுதான் அந்த மரத்தின் பெருமை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கோடைமழைக்குப் பின் மேனேஜர் வந்தார். "எவிடே என்றெ போன்சாய்?"

காட்டினேன். அது அவர் இடுப்பைத் தொட்டது. குனிந்து தட்டைத் தூக்கினார்; வரவில்லை. அடியிலிருந்த துளைகள் வழியாக வேர் கோஸ் பாத்திக்குள் இறங்கியிருந்தது. மறுபடி இழுத்தார். தட்டு இரண்டாக உடைந்தது. மரம் நின்றது.

ஈரத்தில் குந்தி, உடைந்த இரண்டு துண்டுகளையும் ஒட்டவைத்துப் பார்த்தார்.

"உயிரோட இருக்குதுங்க சார்," என்றேன். நிபந்தனை அதுதானே.

"உயிர் கொறச்சு கூடிப்போயி," என்றார். கொஞ்சம் அதிகமாகிவிட்டதாம்.

சொன்ன சொல் தவறாத மனுஷர். மறுநாளே நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது, ஆபீசுக்கு அல்ல, தேயிலை நாற்றங்கால் மேற்பார்வைக்கு. விடிந்தது முதல் இருட்டும்வரை வெட்டவெளியில். முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. நாற்றுகளுக்கு நடுவில் நனைந்து நின்றவனை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஹெட் கிளார்க், ஆவி பறக்கும் டீ கிளாசைத் தூக்கிக் காட்டி வாழ்த்துச் சொன்னார்.