சுகிர்தம் காது வைத்த மாடு

மாத்திரையைச் சுகிர்தம் கையால் தொடமாட்டாள். சின்னக் குப்பியைச் சாய்த்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்கரை உருண்டைகளை மூடியில் தட்டிக்கொள்வாள். மாட்டின் கீழுதட்டை இழுத்து உள்ளே கவிழ்த்துவிடுவாள். "சூடம், பூண்டு எதுவும் கிட்ட வரப்பிடாது. மருந்துக்க வீரியம் போயிரும்" என்பாள். காற்று திரும்பி ஆலைப் பக்கத்து நாற்றம் வீசினால், மருந்துப் பெட்டியை ஈரத் துண்டால் மூடிவிட்டு வானத்தை முறைப்பாள்.

பட்டணத்தின் வடகோடியில், மாத்தூரில் கணவர் ஆசீர்வாதத்தோடு தவிடு, புண்ணாக்கு வியாபாரம். கல்யாணத்துக்கு முன்னால் தெற்கே மார்த்தாண்டத்தில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். தவிடு வாங்க வருகிறவர்கள், மாடு ஈனத் திணறுகிறது என்றால் பல்சட்டில்லா மாத்திரை கொடுப்பாள். ஈன்ற மாட்டின் வலிக்கு ஆர்னிகா. மாத்திரையால் கன்று வந்ததா, வேளை வந்ததால் வந்ததா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "ரெண்டும் ஒண்ணா வந்தா யாருக்குத் தெரியும்?"

மருந்துக்கு முன்னால் மாட்டின் வயிற்றில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்து வீட்டில் யாரோ பாயைச் சுருட்டுவதுபோல் கேட்டால் கன்று நன்றாக இருக்கிறதாம். மாடுகளும் அவளை அறிந்து வைத்திருந்தன. அவள் தெருவில் நடந்தால் சினை மாடுகள் மட்டும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அதனாலேயே ஆசீர்வாதம் அவளோடு சேர்ந்து நடப்பதில்லை.

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில், ஒரு கறுப்புப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தானாகவே கடை வாசலில் வந்து நின்றது. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பின்னாலேயே வரலட்சுமி ஓடிவந்தாள். அடுத்த தெருவில் பால் கறந்து விற்பவள்.

"யக்கா, காலைலேர்ந்து முக்கிகினே கீது. அந்த மாத்தரைய போடுக்கா."

சுகிர்தம் காதை வைத்தாள். நிமிர்ந்து, மறுபக்கம் போய் அங்கேயும் வைத்தாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பசு ஆடாமல் நின்றது. வெகுநேரம் கழித்து அவள் விலகியபோது முகம் வெளுத்திருந்தது.

"டாக்டரக் கூப்பிடு, வரலட்சுமி. நான் மருந்து குடுக்க மாட்டேன்."

"இன்னாக்கா பேசற? போன வருசம் டாக்டரு கைய வுட்டுதான் என் செவல செத்துச்சு. நீ மாத்தரைய குடு!"

"உள்ள மூச்சு கேக்குது..."

"அப்ப உசுரோட தான கீது?"

"நான் மூச்ச அடக்குனா அதுவும் அடக்குது. நான் விட்டா அதுவும் விடுது. அது கன்னுக்க மூச்சு இல்ல மக்ளே. எனக்க மூச்சு."

வரலட்சுமி பெட்டியைப் பிடுங்கப் பாய்ந்தாள். சுகிர்தம் அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஆசீர்வாதம்தான் போன் செய்து கால்நடை டாக்டர் ரேச்சலை வரவழைத்தார். அவர் கையுறையைத் தோள்வரை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி இழுத்தார். வந்த கன்றின் ரோமம் தொட்ட இடத்திலெல்லாம் கையோடு வந்தது.

"இது செத்து நாளாச்சும்மா. இன்னும் தாமதிச்சிருந்தா மாடும் போயிருக்கும்" என்றார் ரேச்சல்.

வரலட்சுமியின் காதில் அது ஏறவில்லை. "பொட்டிய மார்ல கட்டிகினு நின்னா. கன்னோட மூச்ச காதாலயே உறிஞ்சிட்டா" என்று தெருவெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு மருந்து கேட்டு யாரும் வரவில்லை. சுகிர்தம் வருவது தெரிந்தால் சினை மாட்டை உள்ளே இழுத்துக் கட்டினார்கள். அவள் தவிடு நிறுக்கும்போதோ வெங்காயம் அரியும்போதோ, திடீரென்று மூச்சை நிறுத்துவாள். கூடவே வேறேதாவது நிற்கிறதா என்று கவனிப்பாள். பிறகு மெதுவாக விடுவாள்.

"என்ன கேக்குது?" என்றார் ஆசீர்வாதம் ஒருநாள்.

"சும்மா இரிங்க" என்றாள்.

உடம்பு தேறியதும் கறுப்புப் பசு மறுபடி கடைக்கு வந்தது. தவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சுகிர்தத்தை முகர்ந்தது. கன்றை அழைக்கும்போது மட்டும் மாடு தொண்டைக்குள் எழுப்புமே, அந்தச் சத்தத்தை எழுப்பியது. பிறகு அவள் மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நக்கத் தொடங்கியது. புதிதாய்ப் பிறந்த உடம்பின் ஈரத்தைத் துவட்ட நக்குவதுபோல். மடியிலிருந்து பால் தானாகச் சொட்டித் தரையில் விழுந்தது.

ஆசீர்வாதம் கம்பை எடுத்தார். சுகிர்தம் வேண்டாமென்று தலையசைத்தாள்.

கயிற்றோடு வந்த வரலட்சுமி அதட்டினாள்: "ஏய், இங்க வா!" பசு காதைக்கூட அசைக்கவில்லை. அவள் கை கயிற்றோடு அப்படியே நின்றது.

"யக்கா... உன்னிய கன்னுன்னு நென்ச்சிகிச்சுக்கா" என்றாள்.

பசுவின் நாக்கு சுகிர்தத்தின் தோளைத் தாண்டி எட்டாமல் தவித்தது. சுகிர்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கொடுத்தாள்.